ரீ: சங்கத் தோட்டத்துக்கு மரக்கன்னு வசூல்: மண்ணப் பாத்தியளா?

எல்லாருக்கும் வணக்கம்,

நம்ம ஊர்ச் சங்கத் தோட்டத்துல மறுபடியும் தேக்கும் வேற மரமும் வைக்கணும், தலைக்கு அஞ்சாயிரம்னு துபாய் அண்ணாச்சி கொட்டேசனோட மடல் போட்டதும் பாதிப்பேரு "நான் ரெடி"ன்னு எழுதிட்டிய. சந்தோசம். ஆனா பொங்கலுக்கு ஊருக்குப் போன எங்க மயினி தோட்டத்த எட்டிப் பாத்துட்டு போட்டோ அனுப்பிச்சாவ, அத பாத்ததுல இருந்து எனக்கு மனசே சரியில்ல. போன தடவ வச்ச தேக்கெல்லாம் முழங்கால் ஒசரத்துலேயே நிக்கு, எல மஞ்சளடிச்சுக் கெடக்கு. ஒண்ணப் புடுங்கிப் பாத்தா வேரு நுனி தடிச்சு, குட்டையா, சல்லிவேரே காணோம். தண்ணி ஊத்தலன்னு தோட்டக்காரர ஏசாதிய, அந்த மனுசன் ஊத்திட்டுத்தான் இருக்காரு.

மயினி சும்மா வரல, நாலஞ்சு எடத்துல குழி தோண்டி மண்ணெடுத்து, கலந்து, நெழல்ல காயவச்சு, அரைக்கிலோ கட்டி மண் பரிசோதனைக்குக் குடுத்துட்டு வந்தாவ. மண்ணுப் புளிப்பக் காட்டுத பி.எச். எண்ணு 5.1. ஏழுன்னா நடுநிலை, அதுல இருந்து ஒரு எண்ணு எறங்குனா புளிப்பு பத்து மடங்கு. மலையடிவாரத்துல ரெண்டு பருவத்துலயும் பெய்யுத மழை சுண்ணாம்புச் சத்த அரிச்சுட்டுப் போயிருது, அதுபோக முன்னாடி வாழை போட்டவரு மூட்ட மூட்டயா யூரியா போட்டாரே அதுவும் சேந்துக்கிட்டு. அஞ்சரைக்குக் கீழ போனா மண்ணுல உள்ள அலுமினியம் கரைஞ்சு வேர வளரவிடாது. மாஞ்சோலைல தேயிலைக்கு இந்தப் புளிப்பு புடிக்கும், தேக்குக்குப் புடிக்காது, அது சுண்ணாம்பு கேக்குத மரம்.

கீழத்தெரு சித்தப்பா, "பக்கத்தூர்க்காரன் தேக்கு வச்சுட்டான், நமக்கு மானம் போச்சு"ன்னு எழுதியிருக்கிய. அவனுக்கு ஆத்து வண்டல், நமக்கு செம்மண்ணு, என்ன செய்ய? கெணத்து விசயத்த இங்க இழுக்காதிய, யாரு யாருக்கு என்ன செஞ்சாவன்னு எனக்கும் தெரியும்.

கொட்டேசன்ல "நாட்டு மரம்"னு தலைப்பு போட்டு குல்மோகர், தூங்குமூஞ்சி! ஒண்ணு மடகாஸ்கர், இன்னொண்ணு அமெரிக்காக் கண்டத்துது. கூட ரெண்டு லோடு சுண்ணாம்பு. காய்கறிப் பாத்தின்னா சரி, மேல போட்ட சுண்ணாம்பு மேல் மண்ணுலேயே நின்னுக்கும், மரத்து வேரு ஆழத்துக்குல்ல போவுது. வீண் செலவு.

அங்கன என்ன நிக்கும்னு மலையப் பாத்தாலே தெரியும். வேங்கை, நாவல், நெல்லி, கடுக்காய். பலா கட்டாயம் வைக்கணும், குற்றாலநாதருக்கே குறும்பலாதான தலவிருட்சம். மருது வேணும்னா வாய்க்கா ஓரத்துல மட்டும், அது ஆத்தங்கரை மரம். எனக்கு ஆச வேங்கை மேலதான். பட்டையக் கீறுனா செவப்பாப் பால் வடியும், அத எங்க ஆச்சி செரட்டைல புடிச்சுக் காய்ச்சி சின்னப் புள்ளைகளுக்குப் பொட்டு வச்சுவிடும். இப்ப ஊருல ஒரு வேங்கையாவது இருக்கா?

கொட்டேசன் மாறுனா என் அஞ்சாயிரம் அன்னைக்கே வந்துரும். மாறலன்னா வராது.

*

துபாய் அண்ணாச்சி பதில்:

தம்பி,

படிச்சேன். குல்மோகர், சுண்ணாம்பு ரெண்டையும் எடுத்துருதேன், வேங்கைக் கன்னு கெடைக்கான்னு வனத்துறை நர்சரில கேக்கச் சொல்லுதேன். தேக்க நான் எடுத்தா சித்தப்பா என்கூடப் பேச மாட்டாவ, நீயே போன் போட்டுச் சொல்லிக்கோ. மண்ணுக்கணக்கு இவ்வளவு சுத்தமாச் சொல்லுத ஆளு, போன கோயில் கொடைக்கு உன் பேருல நிக்குத ரெண்டாயிரத்தையும் சேத்து அனுப்பிரு. நோட்டு எங்கிட்டதான் இருக்கு.