தென்னங்கள்ளின் சுவையை எந்த நேரத்தில் குறித்து வைப்பது?

வேலந்தாவளம்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டியுள்ள வேலந்தாவளம் என் ஊர். பணியின் பொருட்டுப் பெங்களூரில் வசிக்கிறேன். அங்கே நண்பர்கள் சிலர் கூடி ஒயின் சுவைப்பதும், சுவைத்ததை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பதும் வழக்கம். நந்தி மலைப் பக்கத்து ஷிராஸில் மிளகின் காரம் மெல்லியதாகத் தெரிவதையும், நாசிக்கிலிருந்து வரும் சாவினியான் பிளாங்கில் குடைமிளகாயைக் கீறியவுடன் எழுவது போன்ற பச்சை வாசனை இருப்பதையும், செனின் பிளாங்கில் கொய்யாவின் மணம் முன்னால் வருவதையும் இந்தப் பழக்கத்தினால்தான் பிரித்தறியக் கற்றுக்கொண்டேன்.

ஊருக்கு வரும்போது அதே அக்கறையோடு நம் தென்னங்கள்ளையும் குறித்து வைக்க வேண்டும் என்பது என் ஆசை. எங்கள் மாவட்டத்துச் சித்தூர் வட்டத்துத் தோப்புகளிலிருந்து நாள்தோறும் வண்டிகளில் ஏற்றப்படும் கள்தான் திருச்சூர், எறணாகுளம் வரையுள்ள ஷாப்புகளுக்குப் போய்ச் சேர்கிறது. அப்படியிருந்தும், அதன் சுவையைப் பற்றி நிதானமாக எழுதப்பட்ட நான்கு வரிகளைக்கூட நான் எங்கும் பார்த்ததில்லை. 'போதை ஏறும்', 'உடம்புக்குக் குளிர்ச்சி' என்ற இரண்டு பேச்சோடு எல்லாரும் நிறுத்திக்கொள்கிறார்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு சிக்கல் எழுகிறது. உரிமம் பெற்ற ஓர் ஷாப்பில் காலையில் வாங்கிய கள், தண்ணீர் கலந்த பாலின் நிறத்தில் இருந்தது. கண்ணாடித் தம்ளரின் ஓரத்தில் நுண்ணிய நுரை வளையமாகக் கட்டி நின்றது. நாவில் முதலில் இளந்தேங்காயின் இனிப்பும், அடுத்து மோரின் புளிப்பும், கடைசியாக நுனிநாக்கில் ஒரு சுறுசுறுப்பும் தெரிந்தன. முகர்ந்தபோது, புளித்த தோசைமாவின் வாசனைக்குள் பழுத்த வாழைப்பழத்தின் மணம் ஒளிந்திருந்தது. அதே ஷாப்பில் அன்று பிற்பகல் வாங்கியதில் இனிப்பு ஏறக்குறைய இல்லை. புளிப்பு கூர்மையாகி, தொண்டையில் ஒரு பிடிப்பு இருந்தது. அதை நான் துவர்ப்பு என்று எழுதினேன். இரண்டையும் ஒரே பானம் என்று சொல்லவே மனம் ஒப்பவில்லை.

ஒயின் பாட்டிலில் திராட்சை அறுவடையான ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும். அதை வைத்துக்கொண்டு நாசிக்கில் இருப்பவரும் பெங்களூரில் இருப்பவரும் ஒரே ஒயினைப் பற்றிப் பேச முடியும். கள்ளைப் பற்றி எழுதும்போது, படிப்பவர் ஒப்பிட்டுப் பார்க்கும்படியாக எவற்றைக் கட்டாயம் குறிக்க வேண்டும்? எந்த நேரத்துக் கள்ளை அதன் இயல்பான சுவை என்று கொள்வது? தோப்பு வைத்திருப்பவர்களும் மரமேறும் குடும்பத்தினரும் வழிகாட்டினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

மூலத்தறைத் தோப்புக்காரர் எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எங்கள் தோப்பில் என் தாத்தா காலத்திலிருந்து மரங்களைக் கள்ளுக்கு விட்டு வருகிறோம் என்பதனால் எனக்குத் தெரிந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், கடிகார நேரத்தை வைத்துக் கள்ளைக் குறிக்க வேண்டாம். காலைக் கள் புதியது, மாலைக் கள் பழையது என்று ஷாப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் நினைப்பார்கள். மரத்தில் நடப்பது வேறு. விடியற்காலையில் இறக்கும் கலயம் முந்தைய நாள் அந்தியிலிருந்து இரவு முழுவதும் பாளையில் தொங்கியிருக்கிறது. முதல் சொட்டு விழுந்த கணத்திலிருந்தே கள் கலயத்துக்குள் வேலை செய்யத் தொடங்கிவிடும் என்பதனால், இறக்கும்போதே அதில் பன்னிரண்டு மணி நேரத்துக் கள்ளும் அப்போதுதான் சொட்டிய கள்ளும் கலந்திருக்கின்றன. அந்தியில் இறக்குவது பகல் முழுவதும் வெயிலில் நின்றது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் நம் பக்கம் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும்போது, அந்திக்கள் மரத்திலேயே பாதி முற்றிவிடுகிறது. ஆகவே கலயம் எப்போது மாட்டப்பட்டது, எப்போது இறக்கப்பட்டது, அதன் பிறகு எத்தனை மணி நேரம் கழித்துக் குடித்தீர்கள் என்ற மூன்றையும் எழுதுங்கள். நீங்கள் பிற்பகலில் குடித்தது பெரும்பாலும் காலையில் இறக்கிய அதே கள்ளாகவே இருந்திருக்கும்.

அடுத்ததாகக் கலயத்தைச் சொல்ல வேண்டும். கள்ளுக்கான கலயத்தை யாரும் தேய்த்துக் கழுவிப் பளபளப்பாக வைப்பதில்லை. அடியில் தங்கும் மண்டியில் சிறிதளவு அடுத்த முறைக்கு உறையாக நிற்க வேண்டும். புது மண்கலயம் மாட்டிய முதல் சில நாள்களில் கள் இனிப்பாகவும் சப்பென்றும் இருக்கும், நுரை எழாது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிப்பே ஏறாமல் தெளுவு என்னும் இனிப்பு நீராகிவிடும். அது வேறு பானம், அதைக் கள்ளோடு சேர்த்துக் குறிக்க வேண்டாம்.

பாளையைப் பக்குவப்படுத்துவதிலும் சுவை இருக்கிறது என்பது என் உறுதியான நம்பிக்கை. வெடிக்காத பாளையை நாரால் இறுக்கிக் கட்டி, நுனியைச் சீவி, பல நாள்கள் மெதுவாகத் தட்டித்தட்டி உள்ளே இருக்கும் பூவை நசுக்காமல் இளக்க வேண்டும். கை பழகாதவர் ஓங்கித் தட்டிய பாளையிலிருந்து வரும் கள்ளில் ஒருவிதப் பச்சைக் கசப்பு தங்கிவிடும்; கை பழகியவரின் பாளையில் அது இருக்காது. ஒவ்வொரு முறை கலயத்தை மாற்றும்போதும் பாளையின் நுனியை வெற்றிலையின் கனத்துக்கு மெல்லியதாகச் சீவி, வெட்டுவாயில் குழைத்த மண்ணைத் தடவுகிறார்கள். ஆறு மாதம் கள் எடுத்த மரத்துக்கு ஓய்வு கொடுப்பது வழக்கம். ஓய்வு முடிந்து முதலில் வரும் பாளையின் கள்தான் என் நாவுக்கு மிகச் சிறந்தது. கர்க்கடக (ஆடி) மாத மழையில் கலயத்துக்குள் தண்ணீர் இறங்கிச் சுவை நீர்த்துப்போகும். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காய்ந்த காற்றில் வரத்து குறைந்தாலும் கள் கெட்டியாக இருக்கும்.

இயல்பான சுவை எது என்று கேட்டீர்கள். இறக்கிய கள்ளைத் தென்னையின் பன்னாடையில் வடிகட்டி, எறும்பையும் தேனீயையும் நீக்கி, மரத்தடியிலேயே குடிப்பதுதான் இயல்பான சுவை என்று நான் சொல்வேன். எறணாகுளத்தில் உட்கார்ந்து குடிப்பவருக்குக் கிடைப்பது நெடும்பயணத்தில் குலுங்கி முற்றிய கள். அதில் குறை ஒன்றும் இல்லை, காரமான மீன்கறியோடு அதுதான் பொருந்தும். ஆனால் அது எங்கள் தோப்பின் சுவை ஆகாது.

நுண்ணுயிர் மாணவி எழுதியது:

மேலே எழுதிய ஐயாவின் அனுபவத்துக்கு அறிவியலின் பக்கமிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். பாளையிலிருந்து சொட்டும் நீர் கண்ணாடி போலத் தெளிவானது; அதில் ஏறத்தாழ 12 முதல் 16 விழுக்காடு வரை சர்க்கரை இருக்கும், அமிலம் மிகக் குறைவு. வெண்மையாகக் கலங்கித் தெரிவதெல்லாம் அதில் பெருகி மிதக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும்தான். முதலில் தயிரைப் புளிக்க வைக்கும் வகையைச் சேர்ந்த லாக்டிக் பாக்டீரியாக்கள் முன்னேறுகின்றன. காலைக் கள்ளில் நீங்கள் உணர்ந்த மோர்ப் புளிப்பும், சில நேரங்களில் தெரியும் இலேசான வழவழப்பும் அவற்றின் வேலை. பின்னர் ஈஸ்ட் வேகம் பிடித்துச் சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. நுனிநாக்கின் சுறுசுறுப்பு அந்த வாயு. வாழைப்பழ மணம் ஈஸ்ட் உண்டாக்கும் எஸ்டர்கள் என்னும் மணப்பொருள்களிலிருந்து வருகிறது. சில ஒயின்களிலும் பியர்களிலும் அதே மணம் இருப்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். ஒரு நாளைக் கடந்ததும் அசெட்டிக் பாக்டீரியாக்கள் ஆல்கஹாலைத் தின்று காடியாக்கத் தொடங்கும். இந்த மூன்று கட்டங்களும் ஒன்றோடொன்று மேவியே நடப்பதால், ஒரு தம்ளரில் மூன்றையும் ஒருசேரச் சுவைப்பதும் உண்டு.

தொண்டைப் பிடிப்பைத் துவர்ப்பு என்று எழுதியதில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. சிவப்பு ஒயினின் துவர்ப்பு, திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானினால் வருகிறது. அது ஈறுகளையும் கன்னத்தின் உட்புறத்தையும் உலர்த்தும். நம் தென்னங்கள்ளில் அதற்கு இடமில்லை. தொண்டையில் பிடிப்பது அசெட்டிக் அமிலத்தின் கூர்மை. பிலிப்பைன்ஸில் சில பகுதிகளில் தென்னங்கள்ளில் கண்டல் மரப்பட்டையைப் போடுகிறார்கள்; அந்தக் கள் சிவந்து, உண்மையாகவே துவர்க்கும். உங்கள் நோட்டில் ஈறு, தொண்டை என்று இடத்தைக் குறித்தால் இந்தக் குழப்பம் வராது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நுரை அளவுக்கு மீறிக் கனத்து நெடுநேரம் அடங்காமல் இருப்பது, குடித்து முடித்த பிறகும் சாக்கரின் போன்ற இனிப்பு நாவை விட்டுப் போகாமல் இருப்பது, ஒரு தம்ளரிலேயே தூக்கம் அழுத்துவது ஆகியவற்றைச் சுவைக் குறிப்பாக எழுதி நிறுத்தாதீர்கள். அவை கலப்படத்தின் அறிகுறியாக இருக்கலாம். குளோரல் ஹைட்ரேட் போன்ற மருந்துப் பொருள்களைக் கள்ளில் கலப்பது தென்னிந்தியாவில் பல முறை பிடிபட்ட குற்றம். அத்தகைய கள்ளை உடனே கீழே வைத்துவிட வேண்டும்.

குப்பத்து எல்லைக்காரர் எழுதியது:

நான் ஆந்திரத்துச் சித்தூர் பக்கத்தைச் சேர்ந்தவன். தமிழகமும் கர்நாடகமும் சந்திக்கும் மூலையிலுள்ள குப்பத்தில் வசிக்கிறேன். எங்களுக்குத் தென்னங்கள்ளைவிட ஈச்சங்கள்ளும் பனங்கள்ளும்தான் பழக்கம். தென்னையையும் பனையையும் போல ஈச்சமரத்தில் பாளையைச் சீவுவதில்லை. கொண்டைக்குக் கீழே ஒரு பக்கத்து மட்டைகளைக் கழித்து, தண்டையே மெல்லச் செதுக்கி, அந்த வாயில் ஒரு மூங்கில் சிம்பைச் செருகிக் கலயத்தைக் கட்டுகிறார்கள். அடுத்த ஆண்டு எதிர்ப்பக்கத்தில் செதுக்குவார்கள் என்பதனால், வயதான ஈச்சமரத்தின் தண்டு இருபுறமும் படிப்படியாகப் பள்ளம் விழுந்து நிற்கும்; அந்தப் பள்ளங்களை எண்ணியே எத்தனை பருவம் கள் எடுத்த மரம் என்று சொல்லிவிடலாம்.

ஈச்சங்கள்ளின் காலம் குளிர்காலம். தை மாதத்து விடியலில், பனி விலகுவதற்கு முன் இறக்கிய கள்ளில் புளிப்பு மிகக் குறைவாகவும், இனிப்பு மெலிந்து தெளிவாகவும், மணம் அடக்கமாகவும் இருக்கும். அதைத் தென்னங்கள்ளோடு பக்கத்தில் வைத்துக் குடித்தால், தென்னங்கள்ளுக்கு ஒரு கொழுமை இருப்பது அப்போதுதான் புரியும். வேனிலில் வரும் பனங்கள் இரண்டுக்கும் எதிர்மாறானது. முகர்ந்தவுடனேயே பனம்பழத்தின் கனத்த நெடி மூக்கில் ஏறும். நாவில் கடைசியாக ஒரு சிறு கசப்பு நிற்கும். பலருக்கு அந்தக் கசப்பு பிடிப்பதில்லை. எனக்கோ அதுதான் பனங்கள்ளின் உயிர். அவித்த வேர்க்கடலையோடு சேரும்போது அதற்கு ஈடாக நான் எதையும் சொல்லமாட்டேன்.

ஆகவே, மூலத்தறை ஐயா சொன்ன மூன்று நேரங்களோடு மரத்தின் வகையையும் மாதத்தையும் கட்டாயம் எழுதுங்கள். பனையாக இருந்தால் ஆண்பனையா பெண்பனையா என்பதையும் மரமேறுபவரிடம் கேட்டு எழுதுங்கள். இரண்டும் ஒரே பருவத்தில் ஒரே அளவுக்குச் சுரப்பதில்லை. சுவையிலும் வேறுபாடு உண்டு என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள்.

வேலந்தாவளம்வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஈறு, தொண்டை என்று இடம் குறிக்கும் யோசனையை உடனே ஏற்றுக்கொள்கிறேன். ஒரே ஓர் ஐயம் மட்டும் மீதமிருக்கிறது. வெள்ளை ஒயினை எட்டு முதல் பன்னிரண்டு டிகிரி வரை குளிரவைத்துப் பரிமாறுகிறோம். கள்ளையும் அவ்வாறு குளிரவைத்தால் புளிப்பு ஏறாமல் நிறுத்த முடியுமா? அப்படி முடியுமானால், மரத்தடியில் வாங்கியதை வீட்டில் நிதானமாக ஒப்பிட்டுப் பார்க்கலாம் அல்லவா?

மூலத்தறைத் தோப்புக்காரர் எழுதியது:

குளிரவைத்தால் வேகம் குறையும், நிற்காது. ஃபிரிட்ஜில் வைத்த கள்ளும் இரவு முழுவதும் மெல்லப் பொங்கிக்கொண்டே இருக்கும். மூடியை இறுக்கித் திருகி வைத்தால் பாட்டில் வெடிக்கும். வாயைத் துணியால் கட்டியோ மூடியைத் தளர்த்தியோ வையுங்கள். பாட்டிலில் கால் பங்கு இடத்தைக் காலியாக விடுங்கள். மேலும், மிகவும் குளிர்ந்த கள்ளில் மணம் அடங்கி, புளிப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மண்பானைத் தண்ணீரின் குளிர்ச்சியே போதும் என்பது என் கருத்து. கள்ளோடு எல்லையை மட்டும் தாண்டிவிடாதீர்கள். தமிழகத்தில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிறது, வேலந்தாவளம் சோதனைச் சாவடி உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு பக்கம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அடுத்த முறை ஊருக்கு வரும்போது முன்கூட்டியே இங்கே எழுதுங்கள். ஓய்வு முடிந்து முதல் பாளை சீவும் மரங்கள் எந்தத் தோப்பில் நிற்கின்றன என்று விசாரித்துச் சொல்கிறேன்.