ஊர் வரலாறு: ராஜா பட்டியல் போதாது

ஊர்ச் சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

பொங்கலுக்குக் கொண்டுவரும் ஊர் மலருக்காக நம் குழுவில் சுற்றுக்கு விட்ட ஊர் வரலாற்றைப் படித்தேன். சோழர், பாண்டியர், நாயக்கர், மராட்டியர், வெள்ளைக்காரர் எல்லாரும் வரிசையாக வந்து போகிறார்கள், ஊரைத்தான் காணோம். தஞ்சைச் சீமையில் எந்த ஊர்ப் பெயரை மேலே போட்டாலும் இந்தக் கட்டுரை பொருந்திவிடும்.

அரண்மனையை விட்டுவிட்டுக் களத்துமேட்டிலிருந்து எழுதிப் பார்க்கலாமே. விளைந்த நெல்லில் மேல்வாரம் என்ற பங்கு அரசுக்கு, குடிவாரம் என்ற பங்கு நிலத்துக்கு உரிமைக்காரரான மிராசுதாருக்கு. 1670-களில் மராட்டியரான ஏகோஜி தஞ்சைக்கு வந்தபோது மேல்வாரம் கைமாறியது. 1773-இல் ஆற்காட்டு நவாப் தஞ்சையைப் பிடித்தபோதும், 1776-இல் அது திரும்பவும் மராட்டியர் கைக்கு வந்தபோதும் அதே கதைதான். 1799 உடன்படிக்கையில் தஞ்சை மராட்டிய ராஜா இரண்டாம் சரபோஜி நிர்வாகத்தைக் கும்பினியிடம், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியிடம், விட்டார். 1855-இல் வாரிசு இல்லை என்று மிச்சத்தையும் எடுத்துக்கொண்டார்கள். இடையில் 1781-இல் ஹைதர் அலியின் படை வந்தபோதுதான் சீமையே நடுங்கியது. ஊர்கள் காலியாகி, நிலம் தரிசாகக் கிடந்தது.

சரி, வயலில் இறங்கி உழைத்தவருக்கு என்ன மாறியது? யார் ஆண்டாலும் பண்ணையாளுக்குக் கூலி நெல் அளந்தது மிராசுதார் வீட்டு மரக்கால்தான். 1947-க்குப் பிறகும் சில வருஷம் அப்படியே. ராஜாஜி ஆட்சியில் வந்த 1952 தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம்தான் குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கையாவது உறுதி செய்தது. பண்ணையாளை நினைத்தபடி விரட்டுவதற்கும் தடை போட்டது. 1956 நியாய வாரச் சட்டம் கணக்கையே புரட்டியது: நன்செயில் நிலக்காரருக்கு 40 சதவீதம்தான். இதெல்லாம் சும்மா வந்துவிடவில்லை, கம்யூனிஸ்ட் விவசாயத் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் தெருத் தெருவாகச் சங்கம் கட்டியதன் பலன். நம் கட்டுரையில் சோழருக்கு ஒன்றரைப் பக்கம். இதற்கு ஒரு வரிகூட இல்லை. மிராசு வீட்டுப் பிள்ளைகளான நாமே எழுதினால் இப்படித்தான் வரும் என்று தோன்றுகிறது.

1980-இல் கர்ணம் (ஊர்க் கணக்குப்பிள்ளை) பதவி ஒழிந்தபோது வீட்டோடு தங்கிப்போன பழைய கணக்குகள், குத்தகைச் சீட்டுகள் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். அதைவிட முக்கியம், பண்ணையில் வேலை பார்த்த குடும்பங்களின் பெரியவர்கள் பேசக் கேட்டுப் பதிவு செய்வது. இந்தக் குழுவில் அந்தத் தெருக்காரர் ஒருவர்கூட இல்லை. முதலில் அவர்களைச் சேர்ப்போம். மலர் பொங்கலுக்கு வராமல் சித்திரைக்கு வந்தாலும் பரவாயில்லை.