முதலில் கோச்சா, குவார்ட்டர்பேக்கா? டாப் 5 பிக் கையில் இருக்கும் அணி என்ன செய்யணும்?

சோல்ஜர்ஃபீல்டு_வடக்கு:

எல்லாருக்கும் வணக்கம். என்எஃப்எல் (அமெரிக்க ஃபுட்பால் லீக்) டிராஃப்ட், அதாவது காலேஜ் வீரர்களை அணிகள் வரிசையா எடுக்கிற முறை பத்தி ஆழமாப் பேசுறவங்க இங்க இருக்கீங்க, அதனால இங்கயே கேக்குறேன்.

ஒரு அணி 5-12ன்னு (5 வெற்றி, 12 தோல்வி) சீசனை முடிக்குதுன்னு வெச்சுக்குவோம். முதல் அஞ்சு பிக்ல ஒண்ணு கையில இருக்கு. ஹெட் கோச்சுக்கு இன்னும் ரெண்டு வருஷ ஒப்பந்தம் பாக்கி. ஓனர் “இன்னும் ஒரு வருஷம் குடுத்துப் பாப்போம்”ங்கிறார். அதே கோச்சை வெச்சுக்கிட்டே ஏப்ரல்ல குவார்ட்டர்பேக் (பந்தை எறிஞ்சு ஆஃபன்ஸை நடத்துறவர்) எடுக்கலாமா, இல்ல ஜனவரியிலயே கோச்சை மாத்திட்டு அப்புறம் எடுக்கணுமா?

கூடவே ரெண்டு சந்தேகம். புது கோச்னா ப்ளே-கால் பண்ற (ஒவ்வொரு ப்ளேயையும் தேர்ந்தெடுக்கிற) ஆஃபன்ஸ் ஆளா இருக்கணுமா, மொத்த அணியையும் நடத்துற ஆளா இருக்கணுமா? காலேஜ் குவார்ட்டர்பேக்கோட டேப்ல (ஆட்ட வீடியோவுல) எதைப் பாக்கணும்? ஹைலைட்ஸ்ல எல்லாருமே ஒரே மாதிரிதான் தெரியிறாங்க.

நாலாவதுடவுன்:

ஜனவரியிலயே மாத்தணும் நண்பரே. இதுக்கு நீங்க பின்தொடர்ற சிகாகோ பேர்ஸ் வரலாறே போதும்.

2017-ல மிட்ச் ட்ரூபிஸ்கியை 2-வது பிக்ல எடுத்தாங்க. கோச் ஜான் ஃபாக்ஸ். சீசன் முடிஞ்ச மறுநாளே, 2018 ஜனவரி 1-ல, ஃபாக்ஸை அனுப்பிட்டு மேட் நேகியைக் கொண்டுவந்தாங்க. 2021-ல ஜஸ்டின் ஃபீல்ட்ஸ், 11-வது பிக். அந்த சீசன் முடிஞ்சதும் நேகி காலி, மேட் எபர்ஃப்ளூஸ் உள்ள வந்தார். 2024-ல கேலப் வில்லியம்ஸ், முதல் பிக். இந்த வாட்டி சீசன் முடியிற வரைக்கும்கூடத் தாங்கலை. நவம்பர் 12-ல ஆஃபன்ஸை நடத்துற கோஆர்டினேட்டர் ஷேன் வால்ட்ரன் போனார், நவம்பர் 29-ல எபர்ஃப்ளூஸ் போனார். அந்தக் கிளப் சீசன் நடுவுல ஹெட் கோச்சை நீக்கினது அதுதான் முதல் தடவை.

மூணு பசங்க, மூணு பேருக்கும் முதல் வருஷக் கோச் ரெண்டாவது வருஷம் இல்லை. ரெண்டாவது வருஷம் வந்தா புது ப்ளேபுக், புது ஃபுட்வொர்க், ஹடில்ல சொல்ற வார்த்தைகூட வேற. முதல் வருஷம் படிச்சதுல பாதியை மறந்துட்டுத்தான் அடுத்ததை ஆரம்பிக்கணும். கேலப் 2024-ல 68 தடவை சாக் ஆனார் (பந்தை எறியறதுக்குள்ள பிடிபட்டார்), லீக்லயே அதிகம். லைன் (அவரைக் காக்கிற முன்வரிசை) மோசம்தான். ஆனா பாதி சீசன்ல ப்ளே-காலரே மாறினா ப்ரொடெக்‌ஷன் கால், ஹாட் ரூட் (அழுத்தம் வந்தா உடனே எறியிற இடம்) எதுவும் ஒரு இடத்துல நிக்காது.

இதுல பணக் கணக்கும் இருக்கு. முதல் ரவுண்டு பிக்குக்கு ஒப்பந்தம் 4 வருஷம், அஞ்சாவது வருஷம் கிளப்போட ஆப்ஷன். அந்த ஆப்ஷனை எடுக்கலாமா வேண்டாமான்னு மூணு சீசன் முடிஞ்ச மே மாச ஆரம்பத்துக்குள்ள சொல்லியாகணும். 2024-ல எடுத்த பையனுக்கு 2027 மே. முதல் வருஷம் கோச் குழப்பத்துல போனா, உண்மையா எடைபோட மிஞ்சுறது ரெண்டே சீசன். கேலபோட 4 வருஷ ஒப்பந்தம் மொத்தமே சுமார் 3.95 கோடி டாலர். அவ்வளவு குறைஞ்ச விலையில ஸ்டார்ட்டர் கிடைக்கிற நாலு வருஷத்துல ஒண்ணைத் தெரிஞ்சே கரைக்கிறது பெரிய தப்பு.

ஒழுங்காப் பண்ணின உதாரணமும் இருக்கு. ஹூஸ்டன் 2023 ஜனவரியில கோச் டிமிக்கோ ரயன்ஸ், ஏப்ரல்ல குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரௌட். வாஷிங்டன் 2024 பிப்ரவரியில டேன் குவின், ஏப்ரல்ல ஜேடன் டேனியல்ஸ். அந்த வருஷமே 12-5, என்எஃப்சி சாம்பியன்ஷிப் ஆட்டம் (சூப்பர் பௌலுக்கு முந்தின படி) வரை போனாங்க. இத்தனைக்கும் வாஷிங்டன் முதல்ல குறி வெச்சது டெட்ராய்ட் லயன்ஸோட ஆஃபன்ஸ் கோஆர்டினேட்டர் பென் ஜான்சனை. அவரைப் பார்க்க டெட்ராய்ட்டுக்கு ஃப்ளைட்ல போயிட்டு இருக்கும்போதே அவர் வரலைன்னு தகவல் வந்துச்சு. முதல் ஆள் கிடைக்கலைன்னாலும் வரிசை சரியா இருந்தா வேலை நடக்கும்.

டேப்_பார்ப்பவன்:

கோச் விஷயத்தை மற்றவர்களுக்கு விடுகிறேன். டேப்பை எப்படிப் பார்ப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

டிவி ஒளிபரப்பு போதாது. பந்து கையை விட்டுப் போகும்வரை கேமரா கீழே இருக்கும். பின்னால் சேஃப்டிகள் (டிஃபன்ஸின் கடைசி வரிசைக் காவலர்கள்) என்ன செய்தார்கள் என்பதே தெரியாது. 22 பேரும் ஒரே சட்டகத்தில் தெரியும் ஆல்-22 கிடைத்தால் அதைப் பாருங்கள். ஓர் ஆளுக்குக் குறைந்தது நான்கு முழு ஆட்டங்கள் வேண்டும்: அவர் சந்தித்ததிலேயே சிறந்த டிஃபன்ஸ், ஒரு தோல்வி, ஒரு வெளியூர் ஆட்டம், முந்தைய சீசனிலிருந்து ஒன்று. கடைசியாகச் சொன்னது முக்கியம். ஓராண்டில் என்ன வளர்ந்தது என்பதை அதில்தான் பார்க்க முடியும்.

பிறகு கழிக்க வேண்டியதைக் கழியுங்கள். ஸ்க்ரீன் (லைன் பக்கத்திலேயே எறியும் குட்டி பாஸ்), ஆர்பிஓ (ஓட்டமா பாஸா என்று ஸ்னாப்புக்குப் பிறகு முடிவாகும் ப்ளே), முதல் பார்வையிலேயே ஆளில்லாமல் நிற்கும் ரிசீவருக்கு எறிந்தவை எல்லாம் வெளியே. இதில் ஆர்பிஓவைக் கழிக்கத் தனிக் காரணம் உண்டு. காலேஜில் லைன்மேன் 3 யார்டு வரை முன்னே போகலாம், என்எஃப்எல்லில் 1 யார்டுதான். லைன்பேக்கரை ஓட்டம் என்று நம்பவைக்கும் அந்தக் கூடுதல் நேரம் மேலே போனதும் கிடைக்காது. கேட்டதுமே மயங்கவைக்கும் பல கம்ப்ளீஷன் சதவீதங்கள் இந்தக் கழித்தலில் சரிந்துவிடும். மிஞ்சுவது மூன்றாவது டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) 7 யார்டுக்கு மேல் பாக்கி இருக்கும்போது, ரெட் ஸோனில் (எதிரணியின் கடைசி 20 யார்டு), கடைசி இரண்டு நிமிடம், அழுத்தத்தில் எறிந்தவை. அவற்றைத் திரும்பத் திரும்பப் பாருங்கள்.

எனக்கு முக்கியமான அளவுகோல் கால். ஷாட்கன்னில் (சென்டருக்குச் சில யார்டு பின்னால்) நிற்கும் வலது கைக்காரரின் இடது பாதம் முதல் ரீடை (முதலில் பார்க்க வேண்டிய ரிசீவரை) நோக்கியிருக்கும். முதல் ரிசீவர் அடைபட்டதும் கண் நடுவுக்கு வரும். கண்ணோடு இடுப்பும் இடது பாதமும் சேர்ந்து திரும்பி, ஒரு சின்ன ஹிட்ச் (துள்ளல் அடி) வைத்து எறிகிறாரா என்று பாருங்கள். கண் மட்டும் வந்து பாதம் பழைய திசையிலேயே கிடந்தால் பந்து ரிசீவரின் முதுகுப் பக்கம் போகும், அல்லது தலைக்கு மேலே ஏறும். காலேஜில் அந்தப் பந்தையும் பல ரிசீவர்கள் பிடித்துவிடுவார்கள், ஸ்கோர்ஷீட்டில் கம்ப்ளீட் என்றே ஏறும். என்எஃப்எல்லில் அதே பந்து சேஃப்டியின் கையில்.

வீடியோவை இரண்டு இடத்தில் நிறுத்துங்கள். ஒன்று ஸ்னாப்பின்போது (ப்ளே தொடங்கும் நொடி), இரண்டாவது, ட்ராப் (பின்னால் நகர்வது) முடிந்து பின்னங்கால் ஊன்றும்போது. முதல் நிறுத்தத்தில் இரண்டு சேஃப்டிகள் ஆழத்தில் நின்று, இரண்டாவதில் ஒருவர் கீழே இறங்கியிருந்தால் கவர் 2 (ஆழத்தில் இருவர் காவல்) போலக் காட்டி கவர் 3 (ஆழத்தில் மூவர் காவல்) ஆடுகிறார்கள். அந்த மாற்றத்தைப் பார்த்து அவர் திட்டம் மாறுகிறதா, ஹடிலில் நினைத்த இடத்துக்கே எறிகிறாரா என்பது அங்கே தெரிந்துவிடும்.

ஹாஷ் கோடுகளையும் (பந்தை வைத்து ப்ளே தொடங்கும் இடத்தின் எல்லைக் கோடுகள்) கவனியுங்கள். காலேஜில் இரண்டுக்கும் இடையே 40 அடி, என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். காலேஜில் பந்து ஓரத்து ஹாஷில் இருந்தால் ஒரு பக்கம் மைதானமே காலியாகக் கிடக்கும், எளிதான எறிதல்கள் அங்கிருந்து வரும். அதே ஹாஷிலிருந்து எதிர்ப்பக்க ஓரத்துக்கு ஒரு அவுட் ரூட் (ரிசீவர் ஓரக்கோட்டை நோக்கித் திரும்பும் ஓட்டம்) எறிந்ததைத் தேடிப் பாருங்கள். கை வலுவுக்கு அதைவிட நல்ல சோதனை இல்லை.

சாக் பற்றி ஒன்று. அழுத்தம் வந்த ப்ளேக்களில் எத்தனை சாக்கில் முடிந்தன என்ற விகிதம் காலேஜிலிருந்து பெரும்பாலும் கூட வரும் குணம். லைன்மேன் தலையில் மட்டும் கட்ட முடியாது.

அனுபவமும் பேசும். ட்ரூபிஸ்கி நார்த் கரோலினாவில் 13 ஸ்டார்ட் (தொடக்க வீரராக ஆடிய ஆட்டங்கள்). ஆன்டனி ரிச்சர்ட்சன் ஃப்ளோரிடாவில் 13, கடைசி ஆண்டு கம்ப்ளீஷன் 53.8 சதவீதம், கோல்ட்ஸில் 2024-இல் அது 47.7. ஜேடன் டேனியல்ஸ் 55 ஸ்டார்ட், போ நிக்ஸ் 61. கேம் நியூட்டன் ஆபர்னில் ஒரே சீசன் ஆடிவிட்டு வந்து எம்விபி ஆனார் என்பதும் உண்மை. அப்படிப்பட்ட உடலும் கையும் அரிது. அதை நம்பி டாப் 5 பிக்கைச் செலவிடச் சொல்ல மாட்டேன்.

கேப்கணக்கு:

நாலாவதுடவுன் சொன்னதுல பாதிதான் ஒத்துக்குவேன். கோச் பின்னாடி வந்தாலும் காப்பாத்த முடியும். ஜாரெட் கோஃப் 2016-ல ஜெஃப் ஃபிஷர்கிட்ட ஆரம்பிச்சார். ஏழு ஸ்டார்ட், ஏழும் தோல்வி. 2017 ஜனவரியில 30 வயசு ஷான் மெக்வே வந்தார். அந்த வருஷம் ராம்ஸ் 11-5, லீக்லயே அதிகப் பாயின்ட். கேலபும் அப்படித்தான். 2025-ல பென் ஜான்சன் வந்த முதல் வருஷமே 11-6, என்எஃப்சி நார்த் பட்டம், சாக் பாதிக்கும் கீழ.

ஆனா அது கோச் ஒருத்தராலன்னு நினைச்சா தப்பு. டிராஃப்டுக்கு முன்னாடி, மார்ச்லயே லைன் நடுவுல மூணு பேரை மாத்தினாங்க. ஜோ தூனிக்கு 2026 நாலாவது ரவுண்டு பிக், ஜோனா ஜாக்சனுக்கு 2025 ஆறாவது ரவுண்டு, சென்டர் ட்ரூ டால்மனுக்கு 3 வருஷம் 4.2 கோடி டாலர். அதனாலதான் 10-வது பிக்கை லைனுக்கே செலவழிக்கணும்ங்கிற கட்டாயம் இல்லாம டைட் எண்ட் கோல்ஸ்டன் லவ்லண்டை எடுக்க முடிஞ்சுது. நடுவுல இருந்து வர்ற அழுத்தம்தான் குவார்ட்டர்பேக்கோட காலைக் கெடுக்கும். ஓரத்துல வர்றதுக்குப் பாக்கெட்ல முன்னேறித் தப்பிக்கலாம், நடுவுல வந்தா ஏற இடமே இல்லை.

இப்ப கோச் வகை. ப்ளே-கால் பண்ற ஹெட் கோச்சோட பெரிய லாபம், அவர் ஆஃபன்ஸை வேற கிளப் தூக்கிட்டுப் போக முடியாது. டிஃபன்ஸ் கோச்சை எடுத்தா குவார்ட்டர்பேக்கோட வளர்ச்சி கோஆர்டினேட்டர் கையில. நல்லா பண்ணினா அவர் ஹெட் கோச்சாப் போயிடுவார், மோசமா பண்ணினா நாமளே அனுப்பணும். ஸ்ட்ரௌட் விஷயத்துல ரெண்டாவதுதான் நடந்துச்சு: பாபி ஸ்லோவிக் ரெண்டே வருஷத்துல போனார். ஃபிலடெல்ஃபியால நிக் சிரியானி ப்ளே-கால் பண்றதில்லை. ஷேன் ஸ்டைக்கன் கோல்ட்ஸுக்குப் போனார், கெல்லன் மூர் சூப்பர் பௌல் ஜெயிச்ச கையோட செயின்ட்ஸுக்குப் போனார். மாத்தி மாத்தி ஆள் கண்டுபிடிக்கிற திறமை இருந்தாத்தான் அந்த வழி.

அதனால இன்டர்வியூல “உங்க ஃபிலாசஃபி என்ன”ன்னு கேக்குறதுல பிரயோஜனம் இல்லை. எல்லாரும் நல்லாத்தான் சொல்வாங்க. நான் கேக்கச் சொல்றது: ஆஃபன்சிவ் கோஆர்டினேட்டருக்கு மூணு பேர், ஒவ்வொருத்தருக்கும் இப்ப ஒப்பந்தம் இருக்கான்னு. வேற கிளப்ல ஒப்பந்தத்துல இருக்கிறவரை அதே நிலைப் பதவிக்குக் கூப்பிட்டா அந்தக் கிளப் மறுக்கலாம், அதனால பட்டியல்ல இருக்கிற பேர் எல்லாம் கைக்கு வரும்னு இல்லை. லைன் கோச் யாருங்கிறதும் அதே அளவு முக்கியம். அப்புறம், ஆட்டம் நடக்கும்போது டைம்-அவுட், நாலாவது டவுன் முடிவை யார் ஹெட்செட்ல சொல்வாங்க? 2024 தேங்க்ஸ்கிவிங் ஆட்டத்தோட கடைசி டிரைவை அவர் முன்னாடி ஓடவிடுங்க. பேர்ஸ் 23-20 பின்னாடி, கேலப் சாக் ஆகிறார், 30 நொடிக்கு மேல பாக்கி, ஒரு டைம்-அவுட் கையில. அதை எடுக்காமலே கடிகாரம் ஓடி, அடுத்த ஸ்னாப் 6 நொடியில போச்சு. “எந்த நொடியில நிறுத்தியிருப்பீங்க, அடுத்த ப்ளே என்ன”ன்னு கேளுங்க. யோசிச்சு வெச்சிருக்கிறவர் உடனே ரெண்டு ப்ளே பேர் சொல்வார்.

நேரமும் பாருங்க. ப்ளேஆஃப்ல இருக்கிற கோச்சை நேர்ல பார்க்க டிவிஷனல் ரவுண்டு முடியணும், அதுக்கு முன்னாடி வீடியோ கால் மட்டும்தான். லயன்ஸ் 2025 ஜனவரி 18-ல தோத்தாங்க, 20-ம் தேதியே பென் ஜான்சன் பேர்ஸுக்கு ஒத்துக்கிட்டார். காத்திருந்தது வீண் போகலை. ஆனா பிப்ரவரி வரை இழுத்தா நல்ல அசிஸ்டன்ட் எல்லாம் போயிடுவாங்க, சீனியர் பௌலுக்கே (டிராஃப்டுக்கு வர்ற காலேஜ் வீரர்கள் ஆடுற ஆட்டம்) ஸ்டாஃப் இல்லாம நிக்கணும்.

சோல்ஜர்ஃபீல்டு_வடக்கு:

ரொம்ப நன்றி. ஹாஷ் அளவு வித்தியாசம் இவ்வளவு பெருசுன்னு தெரியாது, இன்னைக்கே பழைய ஆட்டங்களை எடுத்துப் பாக்குறேன். ஒண்ணு மட்டும் பாக்கி. ஓனர் கோச்சை மாத்தவே மாட்டேன்னு சொல்லிட்டா? அப்ப குவார்ட்டர்பேக்கை எடுக்கிறதா விடுறதா?

நாலாவதுடவுன்:

விடணும். அந்த வருஷம் பிக்கை வித்துடுங்க. ஐபிஎல் ஏலம் மாதிரி இங்க பணத்தைக் கொட்டி ஆளைத் தூக்க முடியாது. வரிசைதான் சொத்து, அதை அடுத்த வருஷத்துக்கு நகர்த்த முடியும்.

ஜிம்மி ஜான்சன் பாயின்ட் சார்ட்டை (ஒவ்வொரு பிக்குக்கும் மதிப்பு போட்ட பட்டியல்) வெச்சுக் கணக்குப் பாருங்க. முதல் பிக் 3000, 2-வது 2600, 3-வது 2200, 10-வது 1300, 32-வது 590. 2023-ல பேர்ஸ் முதல் பிக்கை பேந்தர்ஸுக்குக் குடுத்தப்போ வாங்கினது 9-வது பிக் (1350), 61-வது பிக் (292), ரெண்டும் சேர்த்து 1642. பாக்கி 1358-க்கு 2024 முதல் ரவுண்டு, 2025 ரெண்டாவது ரவுண்டு, கூட ரிசீவர் டி.ஜே. மூர். பேரம் பேசும்போது அடுத்த வருஷ பிக்கை ஒரு ரவுண்டு குறைச்சுத்தான் மதிப்பாங்க, 2024 முதல் ரவுண்டை 2023 ரெண்டாவது ரவுண்டு மாதிரி. அங்கதான் பொறுமைக்காரனுக்கு லாபம்.

யாரோட பிக்கை வாங்குறோம்ங்கிறதுதான் இதுல முக்கியம். புது குவார்ட்டர்பேக், பலவீனமான லைன், வரிசையில மேல ஏறுறதுக்காகக் கையில இருந்த ரிசீவரையும் குடுத்துட்ட அணி. அப்படிப்பட்டவங்க அடுத்த வருஷமும் கீழதான் இருப்பாங்க. பேந்தர்ஸ் பிரைஸ் யங்கை எடுத்தாங்க, 1-10ல ஃப்ராங்க் ரைக்கை நீக்கினாங்க, சீசன் முடிவுல அவங்க பிக் முதல் இடத்துக்கு வந்துச்சு. அந்தப் பிக்லதான் பேர்ஸ் கேலபை எடுத்தாங்க.

கேப்கணக்கு:

இதை ஒத்துக்குறேன். ஒண்ணே ஒண்ணு சேர்க்கணும்: விக்கிறதா இருந்தா டிராஃப்ட் நாள் வரை காத்திருக்காதீங்க. பேந்தர்ஸ் பேரம் மார்ச்லயே, ஃப்ரீ ஏஜென்சிக்கு முன்னாடியே முடிஞ்சுது. மூர் மாதிரி ஒப்பந்தத்துல இருக்கிற ஆளைக் கேட்டு வாங்க அப்பத்தான் வசதி. ஏப்ரலுக்குள்ள எல்லாரும் கேப்பை (அணியோட சம்பள உச்சவரம்பு) செலவழிச்சு முடிச்சிருப்பாங்க, கைமாற பிக் மட்டும்தான் மிஞ்சும்.