பள்ளி அடல் லேபில் வழிகாட்டியாகப் போகிறேன், முதல் நாள் என்ன செய்வது?

பம்ப்செட்காரன்:
கோவையில் 12 வருடமாக மோட்டார் பம்ப் டிசைன் வேலை. பக்கத்துப் பள்ளியில் அடல் டிங்கரிங் லேப் (மத்திய அரசு மானியத்தில் பிள்ளைகள் கையால் செய்து பழகும் லேப்) இருக்கிறது, வழிகாட்டியாக வர முடியுமா என்று தலைமையாசிரியர் கேட்டார். வாரம் ஒன்றிரண்டு மணி நேரம், சம்பளம் கிடையாது, அது பரவாயில்லை. ஆனால் பாடம் நடத்திப் பழக்கமே இல்லை. பிபிடி ஒன்று தயார் செய்து கொண்டுபோனால் சமாளிக்கலாமா?

சால்டரிங்_கை:
பிபிடி வேண்டாங்க. நான் 40 ஸ்லைடோடு போனேன், பத்தாவதில் கரண்ட் போய்விட்டது, பிள்ளைகளுக்கு அன்றைக்கு நல்ல காலம். பையில் கிடந்த எல்இடியையும் 9 வோல்ட் பேட்டரியையும் கொடுத்தேன், ஒரு பெண் நேராக இணைத்துக் கருக்கிவிட்டாள். ஏன் கருகியது என்று கிளம்பி, அர்டுயினோ என்கிற சின்ன புரோகிராம் போர்டு தரும் 5 வோல்ட்டில் சிவப்பு எல்இடிக்கு 2 போக மீதி 3, அதற்கு 220 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 13 மில்லிஆம்ப் சொச்சம் என்று அவர்களே கணக்குப் போட்டு முடித்தார்கள். அப்புறம், அர்டுயினோ வண்டி செய்யும்போது அந்தச் சதுர 9 வோல்ட் பேட்டரியிலேயே மோட்டாரையும் ஓட்டப் பார்ப்பார்கள், அது அவ்வளவு கரண்ட் தராது, வோல்டேஜ் விழுந்து போர்டு ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும், இவர்கள் புரோகிராமில் தப்பு தேடிக்கொண்டிருப்பார்கள். மோட்டாருக்குத் தனியாக நாலு பென்சில் செல் வைக்கச் சொல்லுங்க.

லேப்_டீச்சர்:
எங்கள் பள்ளியில் லேப் பொறுப்பு என்னுடையது. ஒரு அண்ணன் ஆறு வாரம் வந்தார், அப்புறம் ஆளைக் காணோம், பிள்ளைகள் சனிக்கிழமை சனிக்கிழமை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாதம் ஒரு நாள்தான் முடியும் என்றால் அதையே சொல்லிவிடுங்கள். காலாண்டு, அரையாண்டுத் தேர்வு சமயத்தில் லேப் நடக்காது.

இன்னொன்று, 3டி பிரிண்டர் துணி போர்த்தியே இருக்கும். ஆசிரியருக்கு ஆர்வமில்லை என்று நினைக்காதீர்கள் சார், மானியத்தில் வந்த சாமான், கெட்டுப்போனால் ஸ்டாக் ரெஜிஸ்டருக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். நாசில் (பிளாஸ்டிக் உருகி வரும் முனை) அடைத்தால் எப்படிச் சரிசெய்வது என்று முதலில் எனக்குக் காட்டுங்கள், துணியை நானே எடுத்துவிடுகிறேன். உங்கள் கையில் மோட்டார் இருக்கும்போது பிபிடி எதற்கு?

பம்ப்செட்காரன்:
சரிதான், ஸ்கிராப்பில் அரை எச்பி சிங்கிள் பேஸ் மோட்டார் ஒன்று கிடக்கிறது. கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்து, பிரித்துப் பார்க்கிற மாதிரி கொண்டுபோகிறேன். எந்த வகுப்புப் பிள்ளைகள் வருவார்கள் டீச்சர்?

லேப்_டீச்சர்:
6 முதல் 12 வரை என்பது திட்டம். பன்னிரண்டாவது எட்டிக்கூடப் பார்க்காது, பொதுத்தேர்வு. ஆறாவதுதான் உங்களை வீட்டுக்குப் போகவிடாது.