கையில் சார்க்கோமா: ஆபரேஷனுக்கு முன்பே கதிர்வீச்சு ஏன்?

யீஷூன் மகள்:
வணக்கம். அப்பாவுக்கு 59 வயது, சிங்கப்பூரில் பேருந்து ஓட்டுநர். இடது மேற்கையின் பின்பக்கம் கட்டி. வலிக்கவில்லை என்று தைலம் தேய்த்தே காலம் ஓட்டினார். சட்டைக் கை இறுக ஆரம்பித்த பிறகுதான் பாலிகிளினிக் வந்தார். எம்ஆர்ஐ, ஊசி குத்திச் சதைத் துணுக்கு எடுக்கும் பயாப்சி எல்லாம் முடிந்து, மென்திசு சார்க்கோமா, அதாவது தசை, கொழுப்பு மாதிரி மென்மையான திசுவில் வரும் புற்றுநோய் என்கிறார்கள். 7 செ.மீ., தசைக்குள் ஆழமாக இருக்கிறது. நுரையீரல் சிடி ஸ்கேனில் ஒன்றுமில்லை.

முதலில் 5 வாரம் கதிர்வீச்சு, அப்புறம்தான் ஆபரேஷனாம். திருச்சிப் பெரியப்பாவோ, "ஊசி குத்தினாலே பரவிடும், கரண்ட் வைத்து நாளைக் கடத்தாதே, கையை எடுத்துவிடச் சொல்" என்று தினமும் போன் போடுகிறார். கை போகுமென்றால் வைத்தியமே வேண்டாம் என்கிறார் அப்பா. யாராவது இதைக் கடந்து வந்திருக்கிறீர்களா?

சுவா சூ காங் அக்கா:
செலவை நினைத்து இப்போதே கலங்காதேம்மா. மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும் என்று கேள். மெடிஷீல்ட் லைஃப் காப்பீடு, மெடிசேவ் மருத்துவச் சேமிப்பு, இரண்டின் கணக்கையும் அவரே விளக்குவார்.

லிஃப்ட் டெக்னீஷியன்:
தங்கச்சி, எனக்கு வலது முன்கையில் வந்தது இதே நோய்தான். இன்று அதே கையால் ஸ்பேனர் பிடிக்கிறேன்.

முதலில் அப்பாவிடம் இதைச் சொல்: கையைக் காப்பாற்றுவதால் வைத்தியம் அரைகுறையாகாது. 1982இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் 43 பேரை வைத்து நடத்திய ஆய்வு வெளிவந்தது. கை, காலை எடுத்தவர்களுக்கும், உறுப்பைக் காப்பாற்றிக் கதிர்வீச்சு கொடுத்தவர்களுக்கும் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் தெரியவில்லை. இப்போது பெரும்பாலோருக்குக் கையை வைத்தேதான் ஆபரேஷன். முக்கிய நரம்பு, ரத்தக்குழாய் எல்லாவற்றையும் கட்டி வளைத்துக்கொண்டால்தான் எடுக்கும் பேச்சு வரும்.

ஊசி விஷயத்தில் பெரியப்பாவின் பயம் புரிகிறது. ஆனால் ஊசி எங்கே குத்துவது என்பதே ஆபரேஷனை யோசித்து முடிவு செய்வதுதான். என் கையில் டாக்டர் பேனாவால் நீளவாக்கில் கண் வடிவத்தில் கோடு போட்டார். ஊசி குத்திய தழும்பு அதற்குள் இருந்தது. கட்டி, அதைச் சுற்றி நல்ல திசு, ஊசி போன பாதை, மூன்றும் ஒரே துண்டாக வெளியே வரும். கட்டியை மட்டும் தோண்டி எடுத்தால் ஓரத்தில் மிச்சம் தங்கிவிடும். அதுதான் ஆபத்து.

கதிர்வீச்சை ஆபரேஷனுக்கு முன்னால் கொடுத்தால் மொத்தம் 50 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), 25 தடவையாகப் பிரித்து. பின்னால் என்றால் 60 முதல் 66 கிரே, இடமும் அகலம். முன்னால் கொடுப்பதில் பிற்காலத்தில் கை இறுகிப்போவது குறைவு. ஆனால் புண் ஆறுவதில் தொல்லை கூடும்: கனடா ஆய்வில் 35 சதவீதம், பின்னால் கொடுத்தவர்களுக்கு 17. அதிலும் பெரும்பாலும் காலில்தான், கையில் குறைவு. கதிர்வீச்சு முடிந்து ஆபரேஷனுக்கு 4 முதல் 6 வாரம் இடைவெளி விடுவார்கள். தோல் தேற வேண்டுமே. அது நாளைக் கடத்துவது இல்லை.

யீஷூன் மகள்:
அண்ணா, இதை அப்படியே அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "மறுபடி பஸ் ஓட்ட முடியுமா, அதைக் கேள்" என்கிறார்.

லிஃப்ட் டெக்னீஷியன்:
கேட்கிறாரே, அதுவே எனக்குச் சந்தோஷம்!

மேற்கையின் பின்பக்கம் எலும்பை ஒட்டி ரேடியல் நரம்பு ஓடுகிறது. அதைக் காப்பாற்ற முடியுமா என்று சர்ஜனிடம் நேராகக் கேளுங்கள். அது போனால் மணிக்கட்டு தொங்கும், ஸ்டியரிங்கில் பிடி நிற்காது. அப்படியானாலும் வேலை செய்கிற வேறு தசைநாரை இடம் மாற்றித் தைத்து மணிக்கட்டைத் தூக்க வைக்கலாம். எடுத்த இடம் பெரிதாக இருந்தால் முதுகுத் தசையைத் திருப்பிக் கொண்டுவந்து மூடுவதும் உண்டு.

ஓட்டலாமா என்பதை டாக்டரும் தெரபிஸ்டும் கையைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். இப்போதைக்கு முழங்கை, விரல் பயிற்சியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கதிர்வீச்சு வாங்கும் இடத்தில் தைலம் கூடவே கூடாது.

ஆபரேஷனுக்குப் பிறகு முதல் இரண்டு மூன்று வருடம், சில மாதங்களுக்கு ஒருமுறை கையையும் நுரையீரலையும் பார்ப்பார்கள். ஒரு தேதியைக்கூடத் தவறவிடாதீர்கள். இந்த நோய் திரும்பினால் பெரும்பாலும் முதலில் போவது நுரையீரலுக்குத்தான்.