தாத்தாவோட பழைய பார்க்கர் 51ஆ, புது 51ஆ?
இங்க் பேனா பத்தி தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க ப்ளீஸ். தாத்தா பீரோவுல ஒரு பழைய பார்க்கர் 51 கிடைச்சுது, உள்ள இருக்குற பட்டையை அமுக்கி அமுக்கி மை உறிஞ்சுற ஏரோமெட்ரிக் டைப், அப்போ 1948க்கு அப்புறம் வந்ததுதான். மூடியை திருகவே வேணாம், சும்மா தள்ளினா கச்சிதமா உக்காருது, திறந்தா நிப்பு நுனி மட்டும் லேசா எட்டிப் பாக்குது. ஆனா வருஷக்கணக்கா மை காஞ்சு கிடந்திருக்கு, ரெண்டு நாளா தண்ணில ஊறப் போட்டும் இன்னும் நீலமா கசியுது, எழுதினா ரெண்டு வரில நின்னுடுது.

ஃபிரெண்டுகிட்ட 2021ல வந்த புது 51 இருக்கு, எழுதிப் பாத்தேன். ஜாடை அதேதான், ஆனா மூடி மரை போட்டது, நோட்ஸ் எடுக்கறப்போ ஒவ்வொரு தடவையும் திருகிட்டு இருக்கணும். நிப்பு ஸ்டீல், தங்கம் வேணும்னா டீலக்ஸ் மாடல்தான், பழசுல தங்க நிப்பு சும்மா வழுக்கிட்டுப் போகுது (எழுதின அந்த ரெண்டு வரியிலயே தெரிஞ்சுது!). கார்ட்ரிட்ஜ் (மை அடைச்ச சின்னக் குழாய்) போடலாம்ங்கறது மட்டும் புதுசுல வசதி.

ஒரு கடைல கேட்டா, பழசை சுத்தம் பண்ண முன்பக்கத்தை சூடு காட்டித்தான் கழட்டணும்னாங்க, பயமா இருக்கு. யாராவது அப்படி பண்ணியிருக்கீங்களா? இன்னும் ஊற விடவா, இல்ல இதை பத்திரமா வச்சுட்டு தினசரிக்கு புதுசு வாங்கிடவா? சென்னைல நம்பிக் குடுக்கற மாதிரி பழுது பாக்கறவங்க இருந்தாலும் சொல்லுங்க.