பாவித்த வாகன உதிரிப்பாகங்களை ஒன்லைன் ஏலத்தில் விற்பவர்களிடம் ஒரு கேள்வி

பஞ்சிகாவத்தைக் கடைக்காரர் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். பாவித்த ஜப்பானிய வாகனப் பாகங்களை விற்கும் சிறிய கடையொன்றைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் நடத்துகிறோம். விபத்தில் சிக்கிய வாகனங்களை வாங்கிக் கழற்றுவதும் கொள்கலனில் வரும் பாகங்களை மொத்தமாக எடுத்துப் பிரித்து விற்பதும்தான் எங்கள் தொழில். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், கையில் இருக்கிற வாகனத்தையே பழுதுபார்த்து ஓட்ட வேண்டிய நிலைக்கு எல்லோரும் வந்துவிட்டதால், பாகம் தேடிக் கடைக்கு வந்தவர்கள் ஏராளம். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் இறக்குமதி மீண்டும் திறந்துவிடப்பட்டது. இப்போது வாசலுக்கு வருகிறவர்கள் குறைந்திருப்பதால், உள்ளூர் பேஸ்புக் ஏலக் குழுவொன்றிலும் வெளிநாட்டு ஏலத் தளமொன்றிலும் பாகங்களைப் போட்டு வருகிறோம். மன உளைச்சல்தான் மிச்சம்.

உள்ளூர்க் குழுவில் விலையைக் கருத்துப் பெட்டியில் எழுதித்தான் ஏலம் கேட்கிறார்கள். டொயோட்டா அக்வா வாகனத்தின் முன்விளக்கு ஒன்றுக்கு, இரவு ஒன்பது மணியோடு ஏலம் முடிகிறது என்று தெளிவாக எழுதியிருந்தோம். ஒன்பதரைக்கு ஒருவர் தாம் முன்னர் இட்டிருந்த கருத்தையே திருத்திக் கூடிய தொகையைப் போட்டுவிட்டு, தாமே ஏலத்தை எடுத்ததாக வாதாடினார். உண்மையில் எடுத்தவர் மனம் வெறுத்து விலகிக்கொண்டார். வாதாடியவரோ மறுநாள் தொலைபேசியை எடுக்கவே இல்லை. இப்படிக் கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்களுக்கு எந்த இழப்பும் இல்லை. எங்களுக்கோ அந்த வாரம் முழுவதும் பாகம் முடங்கிக் கிடக்கிறது.

இதைவிட வேதனையான விடயம், பொருள் திரும்பி வருவது. நன்றாக இயங்கிக்கொண்டிருந்த டொயோட்டா விட்ஸ் வாகனத்திலிருந்து நாங்களே கழற்றிய ஏ.பி.எஸ். பாகத்தை, அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகிவிடாமல் தடுக்கும் பாகத்தை, கூரியரில் அனுப்பினோம். வேலை செய்யவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்தது எங்கள் பாகம் அன்று. துருப்பிடித்த வேறொன்றை வைத்து, இலக்கத் தாளையும் உரித்தெடுத்திருந்தார்கள். எங்களிடம் அதற்கு ஆதாரம் கேட்டார்கள். எங்கள் வாய்ச்சொல்லைத் தவிர வேறு எதைக் காட்டுவது?

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும், பல பாகங்களுக்குக் கடைசியில் நிற்கும் விலை பழைய இரும்புக்காரர் கொடுக்கும் விலையை விட அதிகமில்லை. ஏலம் என்ற முறையே பாவித்த பாகங்களுக்குப் பொருந்தாததா, அல்லது நடத்தும் விதத்தை மாற்றினால் சரிவருமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

தெமட்டகொடை கராஜ்காரர்:

அண்ணா, வாடிக்கையாளர்களுக்காக இந்த ஏலங்களில் விலை கேட்கிறவன் என்ற முறையில், வாங்குகிற பக்கத்திலிருந்து சில விடயங்களைச் சொல்கிறேன். விலை ஏறாததற்குப் பெரும்பாலும் சந்தேகமே காரணம். "அக்வா ஹெட்லைட், நல்ல நிலை" என்று எழுதி, தூரத்திலிருந்து எடுத்த ஒரு படத்தை மட்டும் போட்டால் நாங்கள் எதை நம்பிக் கேட்பது? 2011 இறுதியில் வெளிவந்த அக்வாவின் முகப்பு 2017 இல் மாற்றப்பட்டது. அதிலும் ஹலஜன் விளக்குக்கும் எல்.ஈ.டி. விளக்குக்கும் உள்ளமைப்பு வேறு. தவறான விளக்கு வந்து சேர்ந்தால் கூரியர் செலவும் வாடிக்கையாளரின் ஏச்சும் எனக்குத்தான் என்பதால், அந்த அபாயத்தைக் கழித்துக்கொண்டே நான் விலை கேட்பேன். மற்றவர்களும் அப்படியே செய்வார்கள்.

விளக்கின் கண்ணாடி ஓரத்தில் கொய்டோ போன்ற தயாரிப்பாளரின் பெயரும் இலக்கமும் வார்க்கப்பட்டிருக்கும். எழுத்து வாசிக்கக்கூடிய அளவுக்கு நெருங்கி அதைப் படமெடுத்துப் போடுங்கள். அடுத்தது, விளக்கை உடலோடு பிணைக்கும் காதுகள். விபத்து வாகனத்தில் முதலில் உடைவது அவைதான். ஒட்டிய காதை முன்பக்கப் படத்தில் கண்டுபிடிக்கவே முடியாது என்பதால், ஒவ்வொரு காதுக்கும் தனிப்படம் வேண்டும். பின்புறச் சொக்கட் முழுதாக இருக்கிறதா, கழற்றும்போது வயரை வெட்டினீர்களா என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். டொயோட்டாவின் பாக இலக்கத்தில் வலப்பக்க முன்விளக்கு 81110 என்றும் இடப்பக்கம் 81150 என்றும் தொடங்கும். வாங்குபவரின் சேசி இலக்கத்தைக் கேட்டுப் பெற்று இலக்கத்தைச் சரிபார்த்த பிறகு அனுப்பினால், "பொருந்தவில்லை" என்ற பேச்சே எழாது.

எஞ்சின் கணினி, அதாவது 89661 என்று தொடங்கும் பெட்டி, அடிக்கடி திரும்பி வருவதற்கு வேறொரு காரணமும் உண்டு. பதிவு செய்த சாவிக்கு மட்டுமே எஞ்சினைக் கிளம்பவிடும் இம்மொபிலைசர் உள்ள வாகனத்துக்கு வேறு வாகனத்தின் கணினியைப் பூட்டினால், சாவியைப் புதிதாகப் பதிவு செய்யும்வரை எஞ்சின் கிளம்பாது. அதை அறியாத ஒருவர் பழுதான பாகம் என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறார். அதை விவரத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுவது உங்களுக்கும் நல்லது.

ஹைபிரிட் பற்றரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் தலைமுறை அக்வாவின் பற்றரியில் 7.2 வோல்ட் கொண்ட 20 தொகுதிகள் சேர்ந்து 144 வோல்ட் தருகின்றன. சும்மா வைத்து அளந்தால் நலிந்த தொகுதியும் நல்லதைப் போலவே காட்டும்; மின்சாரத்தை இழுக்கும் சுமை கொடுத்து அளக்கும்போதுதான் வேறுபாடு தெரியும். சுமையின் கீழ் எடுத்த அளவுகள் எழுதப்பட்ட பற்றரிக்கு நான் துணிந்து கூட்டிக் கேட்பேன். எழுதப்படாததை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

ஒரு வேண்டுகோள்: பாவித்த ஏர்பேக்குகளைத் தயவுசெய்து ஏலத்தில் போடாதீர்கள். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகள் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டதற்குக் காரணம், வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து காலப்போக்கில் உள்ளிருந்த வெடிபொருளைச் சிதைத்ததுதான். கொழும்பின் ஈரக்காற்றில் பல ஆண்டுகள் கிடந்த ஒன்றை இன்னொருவரின் முகத்துக்கு நேரே பூட்ட எந்த விலையும் நியாயமாகாது.

வெள்ளவத்தை வாசகர்:

கராஜ்காரர் சொன்ன சந்தேகத்தைத்தான் பொருளியலாளர் ஜோர்ஜ் ஏக்கர்லொஃப் 1970 இல் பாவித்த வாகனச் சந்தையை உதாரணமாகக் கொண்டு விளக்கினார். நல்லதையும் கெட்டதையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாதபோது, எல்லாவற்றுக்கும் ஒரு சராசரி விலையையே அவர் கொடுக்க முன்வருவார். அந்த விலை கட்டுப்படியாகாத நல்ல விற்பனையாளர்கள் மெல்ல விலகுவார்கள். உங்கள் பாகங்களுக்கு நேர்வது இதுவே.

ஏல முறையைப் பொறுத்தவரை, எல்லாப் பாகங்களையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஏலத்தில் கடைசி விலையைத் தீர்மானிப்பவர் எடுத்தவர் அல்லர். அவருக்கு அடுத்தபடியாக நின்றவரே. ஈபே போன்ற தளங்களில் உச்ச விலையை முன்கூட்டியே பதிந்து வைத்தாலும், இரண்டாமவரின் தொகைக்கு மேல் ஒரு படி மட்டுமே ஏறும். ஆகவே அந்தப் பாகம் உண்மையாகவே தேவைப்படுகிற இருவர் அதே வாரத்தில் வராவிட்டால் விலை தொடங்கிய இடத்திலேயே படுத்துவிடும். விட்ஸ், அக்ஸியோ போன்றவற்றின் சாதாரணக் கதவுக்கும் பம்பருக்கும் நிலையான விலையைப் போட்டுவிடுங்கள். எளிதில் கிடைக்காத, விலை என்னவென்று உங்களுக்கே நிச்சயமில்லாத பாகங்களுக்கு மட்டும் ஏலத்தை வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கும் பழைய இரும்பு விலையை விட நன்கு உயர்ந்த ஒரு தொகையிலிருந்து தொடங்குங்கள்.

பேஸ்புக் குழுவில், திருத்தப்பட்ட கருத்து செல்லாது என்பதை முதல் வரியாக எழுதுங்கள். திருத்தினால் அதற்கான அடையாளம் அருகில் தோன்றும், அதை அழுத்தினால் முன்னர் எழுதியதையும் பார்க்கலாம் என்பதால், பிறகு வாதத்துக்கு இடமிருக்காது. கடைசி ஐந்து நிமிடங்களுக்குள் யாராவது கேட்டால் இன்னும் ஐந்து நிமிடம் நீளும் என்ற விதியையும் சேருங்கள். ஏலம் கேட்பதற்கு முன் ஒரு சிறு முற்பணத்தை வங்கியில் வைப்பிலிடச் சொல்லி, எடுக்காதவர்களுக்கு அன்றே திருப்பிக் கொடுங்கள். கூட்டம் பாதியாகக் குறையும், ஆனால் எஞ்சுகிறவர்கள் வாங்க வந்தவர்களாக இருப்பார்கள். விவரத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். குருநாகலில் இருக்கும் மெக்கானிக் உங்கள் பாகத்தைக் காணாமல் போவதற்கு மொழி காரணமாகக் கூடாது.

கொட்டாஞ்சேனைத் தம்பி:

அண்ணா, பலர் செய்கிறபடி நீங்களும் மச்சானையோ நண்பரையோ கேட்க வைத்து விலையை ஏற்றிவிடலாமே? இரண்டாமவர் இல்லாத குறை அதனால் தீரும் அல்லவா?

வெள்ளவத்தை வாசகர்:

தம்பி, அந்த வழி வேண்டாம். 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, கேட்கும் உரிமை தமக்கு உண்டு என்று முன்னரே அறிவிக்காத விற்பனையாளர் தாமோ தம் சார்பில் இன்னொருவரோ ஏலம் கேட்பது சட்டத்துக்கு மாறானது. அப்படி நடந்த விற்பனையை மோசடி என்று வாங்கியவர் கொள்ளலாம். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் வந்த பிறகு, ஒப்பந்தம் ஒன்லைனில் நடந்தது என்பதற்காக அது செல்லாமல் போவதும் இல்லை. சட்டம் ஒருபுறம் இருக்க, பஞ்சிகாவத்தையில் ஒரு கடையின் பெயர் கெட்டால் அது அடுத்த தெருவுக்குப் போய்ச் சேர அரை நாள் போதும்.

ஏற்றுமதி அனுபவமுள்ளவர்:

வெளிநாட்டுத் தளத்தைப் பற்றி யாரும் சொல்லாததால் சுருக்கமாக எழுதுகிறேன். விமானக் கூரியர்கள் நிறையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000 ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோவாகக் கொண்டு, இரண்டில் கூடியதற்கே கட்டணம் அறவிடுகிறார்கள். 80, 50, 40 அளவுள்ள முன்விளக்குப் பெட்டி கையில் லேசாக இருந்தாலும் 32 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். ஈபேயில் தளத்தின் கட்டணம் அனுப்பும் செலவையும் சேர்த்த மொத்தத் தொகைக்கே கணக்கிடப்படுகிறது. விவரத்துக்கு மாறான பொருள் என்று முறையிடப்பட்டுத் திரும்பி வந்தால் திரும்பும் செலவும் விற்றவருடையது. அதோடு நம் நாட்டு விளக்குகளின் ஒளி இடப்பக்கம் ஓடும் சாலைக்காக அமைக்கப்பட்டது; வலப்பக்கம் ஓடும் நாடுகளில் அது எதிரே வருகிறவரின் கண்ணைக் கூசச் செய்யும். வெளிநாட்டுக்குச் சிறிய, கனதியான, விலை கூடிய பாகங்களை மட்டும் அனுப்புங்கள்.

பஞ்சிகாவத்தைக் கடைக்காரர்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சாதாரணப் பாகங்களை நிலையான விலைக்கு மாற்றிவிட்டு, முற்பண விதியோடு அரிய பாகங்களை மட்டும் ஏலத்தில் போடுவது என்று கடையில் பேசி முடிவெடுத்திருக்கிறோம். ஏர்பேக்குகளை இனி விற்பதில்லை. கராஜ்காரத் தம்பியிடம் ஒன்று கேட்க வேண்டும்: ஏ.பி.எஸ். பாகத்தை மாற்றிவைத்துத் திருப்பி அனுப்புவதைத் தடுக்க, அடையாளத்தை எந்த இடத்தில் இடுவது நல்லது? இலக்கத் தாளை உரித்துவிடுகிறார்களே.

தெமட்டகொடை கராஜ்காரர்:

அண்ணா, அந்தப் பாகத்தில் அலுமினிய உடல் ஒன்றும் அதோடு திருகாணிகளால் பிணைத்த மின்னணுப் பெட்டி ஒன்றும் இருக்கின்றன. சிலர் மின்னணுப் பெட்டியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு, தங்களுடைய பழுதானதைப் பூட்டி அனுப்புவார்கள். ஆகவே இரண்டும் சேரும் விளிம்பின் குறுக்கே எண்ணெய்ப் பெயின்றினால் ஒரு கோடு இழுத்து, திருகாணித் தலைகளிலும் ஒரு பொட்டு வையுங்கள். கழற்றினால் கோடு முறியும். அலுமினியத்தில் உங்கள் கடையின் குறியைக் கூரிய ஆணியால் கீறி, கோட்டையும் குறியையும் பொதி செய்வதையும் வெட்டில்லாத ஒரே காணொளியாக எடுத்து, வாங்குபவருக்கு அனுப்பிவிட்டே கூரியரிடம் கொடுங்கள். பிரேக் குழாய் பூட்டும் துளைகளை இறப்பர் மூடிகளால் அடைக்கவும் மறக்காதீர்கள். உள்ளே எஞ்சியிருக்கும் பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், திறந்தபடி கிடந்த பாகம் நல்லதாக இருந்தாலும் போகப் போக உள்ளே துருவேறி இறுகிவிடும்.